முப்பத்தொன்றாம் இலக்கம்

ஹபுகஸ்கந்த
1981 ஜனவரி 18

தம்பி சுமதிபாலவுக்கு,

'அன்புள்ள' என்று எழுதக் கை வரவில்லை, அதனால் விட்டுவிட்டேன். ஐந்து வருஷமாக நீயும் ஒரு வரி எழுதவில்லை, நானும் எழுதவில்லை. வீம்பில் நாம் இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான்.

அம்மா படுக்கையில் விழுந்து மூன்று மாதம் ஆகிறது. கஞ்சி மட்டும்தான் இறங்குகிறது. உன்னைப் பற்றிக் கேட்பாள். "நெல்லு அறுப்பு நேரம் அம்மா, அவன் வரமாட்டான்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். எந்த அறுப்பு ஐந்து வருஷம் நடக்கும் என்று அவள் கேட்பதில்லை.

நான் எழுதுவது அதற்கு அல்ல. நம்முடைய மரண உதவிச் சங்கத்துக்கு இப்போது நான்தான் செயலாளர். சிரிக்காதே. நீ சண்டை போட்டுக்கொண்டு பெண்டாட்டி ஊருக்குப் போனபிறகு ஆள் மாற்றி ஆள் வந்தார்கள், ஒருவரும் நிலைக்கவில்லை. கடைசியில், "குசுமாவுக்கு எழுத்தும் தெரியும், வாயும் இருக்கு" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

உறுப்பினர் பட்டியலை நீ வாசித்த மாதிரியேதான் வாசிக்கிறேன். பெட்டியைத் தூக்குமுன், சாவு வீட்டு முற்றத்தில் நின்று, ஒன்றாம் இலக்கத்திலிருந்து அறுபத்துநான்கு வரை. வீட்டுக்கு ஒரு குரல் "இருக்கேன்" என்றால் குறி போடுவேன். முப்பதாம் இலக்கம் வாசித்ததும் முப்பத்துமூன்றுக்குத் தாவவேண்டும். முப்பத்தொன்று ஹீன்பண்டா, நீ சிவப்பு மையால் வெட்டியது. முப்பத்திரண்டு அவனுக்கு அடுத்த வீட்டுக்காரனான நீ. நீ ஊரைவிட்டுப் போனபோது உனக்கு அடுத்து வந்த செயலாளர் வெட்டியது.

நவம்பரில் தபால்காரரின் மாமனார் செத்தபோது முப்பதை வாசித்துவிட்டு மூச்சு விட நிறுத்தினேன். வேலிப் பக்கம் இருந்து யாரோ "இருக்கேன்" என்றார்கள். கூடவே ஒரு இருமல். யாரோ தூக்கத்தில் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்தேன். டிசம்பரில் இன்னொரு சாவு, அதே இடத்தில் அதே குரல். போன புதன்கிழமை நான் நிறுத்தவே இல்லை, ஒரே மூச்சில் முப்பது, முப்பத்துமூன்று என்று ஓடினேன். அந்த ஓட்டத்துக்கு நடுவிலும் குரல் நுழைந்தது, தம்பி. பட்டப்பகல் இரண்டு மணி. முற்றத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஹீன்பண்டாவின் பேரை வெட்டியது நீ. அன்று என்ன நடந்தது என்று எனக்கு எழுது.

குசுமா


ஆறாம் வாய்க்கால் குடியேற்றம்
பொலன்னறுவை
1981 ஜனவரி 27

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. வரிசையாகப் பதில் எழுதுகிறேன்.

முதலாவது: அம்மாவுக்காக ஒரு மூட்டை சம்பா அரிசி லொறியில் அனுப்பியிருக்கிறேன். புது நெல், குழைய வேகும், கஞ்சிக்கு நல்லது.

இரண்டாவது: ஹீன்பண்டா தொடர்ந்து மூன்று சாவுக்கு வரவில்லை. மூன்று முறை வராத வீட்டின் பேரை வெட்டவேண்டும் என்பது சங்கத்துச் சட்டம். அதை நான் போடவில்லை, நம் அப்பா காலத்தில் போட்டார்கள். ஊர் பார்க்க வெட்டினேன். இரண்டு மாதத்தில் அவன் செத்ததற்கு நான் பொறுப்பில்லை. பேர் வெட்டிய வீட்டுக்குச் சங்கத்தின் கொட்டகையோ நாற்காலியோ பெட்டி தூக்க ஆளோ போகக்கூடாது என்பதும் சட்டம்தான்.

மூன்றாவது: அதற்காக நீ ஊர் நடுவில் என்னைக் கன்னத்தில் அறைந்தாய். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. அதை நான் மறக்கவில்லை.

நான்காவது: குரல். நம் ஊரில் சாவு வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கள்ளுக்கடை வழியாகத்தான் வருவார்கள். அடுத்த முறை வேலிப் பக்கம் ஓர் ஆளை நிறுத்து, குடிகாரன் அகப்படுவான். வெட்டினது வெட்டினதுதான். பட்டியலை ஒழுங்காக வாசி.

சுமதிபால


ஹபுகஸ்கந்த
1981 பெப்ரவரி 12

சட்டம் தெரிந்த தம்பிக்கு,

அரிசி வந்தது. அம்மா இரண்டு கரண்டி கூடுதலாகக் குடித்தாள்.

நீ சொன்னபடி வேலிப் பக்கம் ஆள் நிறுத்தினேன். நேற்று பாலத்தடி ஜயரத்னவின் தாயார் சாவு. தடியன்கள் இரண்டு பேரை வேலிக்கு இந்தப் புறமும் அந்தப் புறமும் நிற்க வைத்தேன். நம்ம வண்டிக்கார அப்புஹாமியும் ஒருவன். முப்பது வாசித்தேன். இருமல் வந்தது, பிறகு "இருக்கேன்" வந்தது. அப்புஹாமி வேலியைத் தாண்டிக் குதித்து ஓடினான். பிடிக்க இல்லை, வீட்டுக்கு.

பிற்பாடு அவனிடம், "என்னடா, ஆளைப் பாத்தியா?" என்று கேட்டேன்.

"ஆள் இல்லக்கா. என் காதுக்குள்ள இருமினான்" என்றான்.

இன்னும் ஒன்று சொல்கிறேன், கேள். சங்கத்து நாற்காலிகளுக்கு அடியில் இலக்கம் எழுதியிருக்கிறோம் அல்லவா? சாவு முடிந்து நாற்காலிகளை மடக்கி அடுக்கும்போது ஒன்று மட்டும் நனைந்திருந்தது. இங்கே ஒரு மாதமாக ஒரு சொட்டு மழை இல்லை, கிணற்றில் வாளி தரை தட்டுகிறது. அந்த நாற்காலியின் இருக்கையில் தண்ணீர் தேங்கி நின்றது. திருப்பிப் பார்த்தேன், முப்பத்தொன்று. துணியால் துடைத்து வெயிலில் வைத்தேன். சாயங்காலம் வரை காயவில்லை.

ஜயரத்னவின் தாயாருக்குப் பதினொரு பேர்தான் கடைசிவரை நின்றார்கள். மற்றவர்கள் குரல் கேட்டதும் நழுவிவிட்டார்கள். கருவாட்டுக் குழம்பும் பூசணிக்காயும் சட்டி சட்டியாக மிஞ்சின. பெட்டியை மாற்றித் தூக்க ஆளில்லாமல் வயல் வரப்பில் இரண்டு முறை கீழே வைத்தோம். சாவுப் பெட்டியை நடுவழியில் தரையில் வைப்பதை நான் இதற்கு முன் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். ஹீன்பண்டாவின் பெட்டியை. அவன் பெண்டாட்டி டிங்கிரியும் அவளுடைய அண்ணனும் நானும் மூன்றே பேர் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். மழையில் சில்லு சேற்றில் புதைந்தது. பெட்டியை இறக்கித் தரையில் வைத்தோம், ஒரு மணி நேரம் மழையில் நனைந்தது. அந்த ஆத்திரத்தில்தான் உன்னை அறைந்தேன். அதற்கு நான் வருத்தப்படவில்லை, இப்போதும்.

டிங்கிரி எந்தச் சாவுக்கும் முற்றத்துக்குள் வரமாட்டாள். வேலிக்கு வெளியே பாதையில் நிற்பாள். நேற்று அவளிடம் போய், "உனக்குக் கேட்டதா?" என்றேன்.

"எனக்கென்ன புதுசா? அன்னைக்கும் அவர் சொன்னாரு. அன்னைக்கு யாரு காதுல வாங்கினீங்க?" என்றாள்.

"என்னைக்கு?"

"மூணாவது சாவுக்கு. படுக்கையில இருந்து எந்திரிச்சுப் போனாரு குசுமாக்கா. நான்தான் சட்டை மாட்டிவிட்டேன்."

தம்பி, மூன்றாவது சாவுக்கு அவன் வந்தானா? ஆம், இல்லை என்று ஒரு வார்த்தை எழுது. ஒன்று இரண்டு என்று இலக்கம் போடாதே.

குசுமா


ஆறாம் வாய்க்கால்
1981 பெப்ரவரி 22

அக்காவுக்கு,

டிங்கிரி புருஷனை இழந்தவள். அப்படித்தான் சொல்வாள்.

உண்மையைச் சொல்லவேண்டுமானால் அன்று ஒரு குரல் கேட்டது. கேட்கவில்லை என்று நான் எப்போதும் சொன்னதில்லை. கொட்டும் மழை, தகரக் கூரைமேல் சத்தம், யார் குரல் என்று எப்படித் தெரியும்? ஆள் முகத்தைப் பார்த்தால்தான் குறி போடவேண்டும், குரல் மட்டும் போதாது. அதுவும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, பார்த்துக்கொள். இல்லாவிட்டால் ஒருவனுக்காக இன்னொருவன் குரல் கொடுத்துவிட்டுப் போய்விடுவான்.

இங்கே வாய்க்கால் சங்கத்துக் கூட்டங்களுக்கு வரவு எடுக்கிறவனும் நான்தான். போன ஞாயிறு பேர்களை வாசித்துக்கொண்டிருந்தபோது எனக்குப் பின்னால் ஒருவர் இருமினார். திரும்பிப் பார்த்தேன், சுவர்தான் இருந்தது. உன் கடிதங்களைப் படித்துப் படித்து எனக்கும் மண்டை குழம்பிவிட்டது. இனி இதைப் பற்றி எழுதாதே.

அம்மா என்னைக் கேட்கிறாளா?

சுமதிபால


ஹபுகஸ்கந்த
1981 மார்ச் 4

தம்பி,

எழுதாதே என்றால் நான் எழுதாமல் இருப்பேனா?

சட்டப் புத்தகத்தைப் பார்த்தேன். அப்பாவின் கையெழுத்தில் பதினான்கு சட்டம். பதினைந்தாவதாக 'முகம் பார்த்தே குறியிட வேண்டும்' என்று இருக்கிறது. அது அப்பாவின் கையெழுத்து இல்லை, சுமதிபால. 'ம'வைச் சுழித்து எழுதுவது இந்த ஊரில் நீ ஒருவன்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறாய், அதுவும் சாவுச் சோற்றில்.

அம்மாவுக்கு நேற்றிலிருந்து கஞ்சியும் இறங்கவில்லை. வைத்தியர் கையை விரித்துவிட்டார். பால் வாங்கப் போகும்போது ஆட்கள் என்னைக் கண்டால் பாதை மாறுகிறார்கள். ஜயரத்ன நேராகவே கேட்டான்: "அக்கா, உங்க வீட்டுல ஏதாவது நடந்துச்சுன்னா... பட்டியல் வாசிப்பீங்களா?" வாசிக்காமல் எப்படி என்றேன். "அப்ப நாங்க வரமாட்டோம். கோவிச்சுக்காதீங்க" என்றான். தன் தாயாருக்குத் தோள் கொடுத்த என்னிடமே சொல்கிறான். அவனைக் கோபித்து என்ன பயன்? எல்லோர் மனசிலும் இருப்பதை அவன் வாய்விட்டுச் சொன்னான்.

அறுபது வீட்டுச் சாவுக்கு நம் அம்மா அடுப்பு மூட்டியிருக்கிறாள். அவளைத் தூக்க யார் வருவார்கள்? நானும் டிங்கிரியும் கைவண்டியும்தானா? அந்த வண்டி அப்புஹாமியின் கொட்டிலில் இன்னும் இருக்கிறது. நேற்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி.

பன்சலைக் கோயிலின் பெரிய பிக்குவிடம் கேட்டேன். மந்திரித்த நூல் கட்டுவார், நீர் தெளிப்பார் என்று நினைத்தேன். அவர், "இருக்கேன்னு ஒருத்தன் சொன்னா, இருக்கேன்னு எழுதணும். அவ்வளவுதானே அவன் கேக்குறான்? வெட்டினவன் வந்து எழுதட்டும்" என்றார்.

வா. வந்து உண்மையைச் சொல். அம்மா கண் மூடுமுன் வா. இரண்டு நாளைக்கு ஒரு முறை உன்னைக் கேட்டவள் இப்போது மணிக்கு ஒரு முறை கேட்கிறாள்.

அக்கா


ஆறாம் வாய்க்கால்
1981 மார்ச் 13

அன்புள்ள அக்கா,

முகமும் தெரிந்தது.

ஐந்து வருஷமாக இந்த ஒரு வரியை யாரிடமும் சொல்லவில்லை, என் மனைவியிடம்கூட. அவன் பலா மரத்தடியில் நின்றான். கொட்டகைக்குள் வரவில்லை, இருமுகிறவன் ஏன் மற்றவர்கள் பக்கத்தில் உட்காரவேண்டும் என்று நினைத்திருப்பான். இலைத் தண்ணீரெல்லாம் அவன் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. 'முப்பத்தொன்று, ஹீன்பண்டா' என்று வாசித்தேன். கையைத் தூக்கி "இருக்கேன்" என்றான். நான் நிமிர்ந்து அவன் கண்ணைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இன்னொரு முறை அவன் பேரை வாசித்தேன். "இருக்கேன் ஐயா" என்றான். குனிந்து, வரவில்லை என்று எழுதினேன்.

ஏன் என்று கேட்பாய். அதற்கு முந்தின மாதக் கூட்டத்தில் அவன் எழுந்து, "நம்ம செயலாளர் ஐயா பொணத்துக்கிட்டகூட ஏன் லேட்டுன்னு கேப்பாரு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அவ்வளவுதான், அக்கா. வேலிச் சண்டை, தண்ணீர்ச் சண்டை எதுவும் கிடையாது. ஒரு சிரிப்பு. முன் இரண்டு சாவுக்கும் அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தான் என்றும் எனக்குத் தெரியும். அவனைக் கொஞ்ச நாள் கெஞ்ச வைத்துவிட்டு மறுபடி சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்குள் செத்துப்போவான் என்று நினைக்கவில்லை. செத்தபிறகு உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.

இருமல் இப்போது தினமும் கேட்கிறது. வயலில், வரப்பில், சோறு தின்னும்போது. நேற்று என் மனைவி, "பாய் ஏன் ஈரமா இருக்கு?" என்று கேட்டாள்.

இந்தக் கடிதத்தைச் சங்கத்தில் வாசி. டிங்கிரி கேட்க வாசி. ஹீன்பண்டாவின் பேரை எழுது. இங்கே நாளை மறுநாள் மதகு திறக்கிறார்கள், ஒரு வாரத்துக்குத் தண்ணீர் முறை பார்க்க நான் இல்லாமல் முடியாது, முடிந்ததும் புறப்படுவேன். அதற்குள் அம்மாவுக்கு ஏதாவது ஆனால் தந்தி அடி. எது எப்படி ஆனாலும் பட்டியல் வாசிக்கும் நேரத்துக்கு வந்துவிடுவேன். என் பேரையும் ஒரு முறை வாசி. வெட்டிய பேர்தான், இருந்தாலும் வாசி. நின்ற இடத்திலிருந்து ஊர் கேட்கக் குரல் கொடுப்பேன்.

உன் தம்பி


ஹபுகஸ்கந்த
1981 மார்ச் 24

என் தம்பிக்கு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப்போவதில்லை. ஆனாலும் உனக்கு எழுதாமல் எனக்கு ஆறாது.

உன் கடிதத்தைப் போன வியாழன் பன்சலை மண்டபத்தில் வாசித்தேன். டிங்கிரியைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்திருந்தேன். சிரிப்பு பற்றி நீ எழுதிய இடத்தையும் விடாமல் வாசித்தேன். நானும் சிரித்தவள்தானே. ஜயரத்னதான் எழுந்து, "எழுதுங்க அக்கா" என்றான். முப்பத்தொன்று, ஹீன்பண்டா என்று கறுப்பு மையால் எழுதினேன். டிங்கிரி அழவில்லை. "இதை எழுத அஞ்சு வருஷமா?" என்று மட்டும் கேட்டாள்.

சனிக்கிழமை விடியும்போது அம்மா போய்விட்டாள். உனக்குத் தந்தி அடித்தேன்.

நேற்று மத்தியானம் முற்றம் கொள்ளாத கூட்டம், தம்பி. வாசல் முதல் பாலம் வரை வெள்ளைக் கொடி கட்டினார்கள். அப்புஹாமி வேலிப் பக்கமே போய் நின்றான். இரண்டு மணிக்குப் பட்டியலை எடுத்தேன். உனக்காக ஐந்து நிமிஷம் தாமதித்தேன், பாதையைப் பார்த்தேன். பஸ் தாமதமாக இருக்கும் என்று வாசிக்கத் தொடங்கினேன்.

"முப்பத்தொன்று, ஹீன்பண்டா." இருமல் வரவில்லை. டிங்கிரி முன்னால் வந்து, "இருக்கேன்" என்றாள். அந்த வீட்டின் குரல். குறி போட்டேன். எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

பிறகு, "முப்பத்திரண்டு, சுமதிபால" என்றேன்.

"இருக்கேன் அக்கா."

உன் குரல். நம் முற்றத்துப் பலா மரத்தடியிலிருந்து. ஊர் முழுக்கக் கேட்டது, தலைகள் எல்லாம் அங்கே திரும்பின. சந்தோஷத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு பார்த்தேன், மரத்தடியில் யாரும் இல்லை. காய்ந்த தரையில் ஒரு பாய் அகலத்துக்கு மண் கறுத்து ஈரமாக இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அகன்றது. என் கையிலிருந்த பேனா ஓடவில்லை.

டிங்கிரிதான் என் பக்கத்தில் வந்தாள். "எழுதுங்க குசுமாக்கா" என்றாள்.

"ஆளைக் காணோமே டிங்கிரி."

"குரல் கேட்டுச்சு இல்ல? முகம் பாக்கணும்னு சட்டம் இல்லையே."

எழுதினேன். அம்மாவைத் தூக்கினோம். மாற்றித் தோள் கொடுக்க ஆட்கள் வரிசையில் நின்றார்கள். பெட்டி ஓரிடத்திலும் தரையைத் தொடவில்லை.

இடுகாட்டிலிருந்து திரும்பியபோது பொலிஸ்காரர் வாசலில் நின்றார். காலை எட்டரை மணிக்கு நீ வந்த பஸ் வளைவில் சறுக்கிப் பெரிய வாய்க்காலில் விழுந்துவிட்டது என்றார். உன் சட்டைப் பையில் என் தந்தி இருந்ததாம், அதை வைத்துத்தான் முகவரி தெரிந்ததாம். எட்டரை மணிக்கு. நான் பட்டியல் வாசித்தது இரண்டு மணிக்கு.

நான் உன்னை வரச்சொல்லி எழுதாமல் இருந்திருக்கலாம். அந்த நினைப்பு இனி என்னை விடாது. ஆனால் நீ வந்து சேர்ந்துவிட்டாய் என்பதும் எனக்குத் தெரியும்.

இன்று காலை உன் மனைவியும், பெட்டியில் நீயும் வந்தீர்கள். பேர் வெட்டிய வீட்டுக்குச் சங்கம் போகக்கூடாது என்று யாராவது பேசுவார்கள் என்று பட்டியலைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். யாரும் பேசவில்லை. உன் பேருக்கு நேரே குறி இருப்பதை எல்லோரும் நேற்றே பார்த்துவிட்டார்கள். அம்மாவுக்குப் போட்ட கொட்டகையைப் பிரிக்காமலே விட்டிருக்கிறார்கள். நாற்காலிகளை விரிக்க முதலில் வந்தவள் டிங்கிரி. ஒன்றை மட்டும் துணியால் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். "காயட்டும் விடு" என்றேன். "அவரோடது காஞ்சிருச்சு அக்கா. இது அடுத்த இலக்கம்" என்றாள்.

நாளை இரண்டு மணிக்கு உனக்காகப் பட்டியல் வாசிப்பேன். முப்பத்தொன்று வரும்போது டிங்கிரி குரல் கொடுப்பாள். முப்பத்திரண்டுக்கு உன் மனைவி கொடுப்பாள், சொல்லி வைத்திருக்கிறேன். நீ ஒன்றும் சொல்லவேண்டாம். நீ வந்ததை நான் எழுதிவிட்டேன். இந்தக் கடிதத்தை உன் கையில் வைக்கிறேன், படித்துவிட்டுப் பேசாமல் படுத்துக்கொள், தம்பி.

அக்கா